நாற்பது நாடுகளுக்கு ஒரே ஹீட்டர்

ஹீட்டரக்கா எதையும் மறக்கிற ரகம் இல்லை. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு வரிசையில் தன்னை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்ற பல் டாக்டரிடம் அவள் இன்றுவரை பல்லைக் காட்டியதில்லை. கடைவாய்ப் பல் வலித்து முகம் ஒரு பக்கம் வீங்கிப் போனபோதுகூட, எதிர்மாடியிலேயே இருந்த அந்த மனுஷனை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போய் வேறொருவரிடம் பிடுங்கிக்கொண்டு வந்தாள். "வலி நாலு நாள்ல போயிடும். ரோஷம் போனா வருமா?" என்று கேட்டாள். இப்படிப்பட்டவளிடம்தான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தன் கைவரிசையைக் காட்டியது. கூட நின்று கதவைத் திறந்துவிட்டவன் அவள் உடன்பிறந்த தம்பி.

அது தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் செய்கிற கம்பெனி. நாற்பது நாடுகளில் வியாபாரம். இந்த வட்டாரம் முழுவதுக்கும் அவள் ஒருத்திதான் ஏஜென்ட், பத்தொன்பது வருடமாக. கம்பெனியின் பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்கு வாயில் நுழையாது. "அக்கா ஹீட்டர்" என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

அவள் அதில் வந்து விழுந்தது தற்செயல். அப்பா போய்ச் சேர்ந்து, அம்மா பக்கவாதத்தில் படுத்து, ஏழு வயதுத் தம்பி சோற்றுக்குத் தட்டோடு நின்ற காலத்தில் அவள் ஓர் இறக்குமதி அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். வெளிநாட்டுக்குப் போகும் கடிதங்களை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடிப்பாள். ஒரு பிழை இருக்காது, ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. பத்து வருடம் அப்படியே ஓடியது. ஒரு நாள் கம்பெனி ஆள் ஒருவன் மரப்பெட்டியில் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தான். முதலாளி பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லை. "வெந்நீருக்கு அடுப்பு இருக்கு. இத எவன் வாங்குவான்?" என்று அனுப்பிவிட்டார். முகம் தொங்கிப்போய் அவன் படியிறங்கும்போது இவள் பின்னாலேயே ஓடி, பெட்டியைத் தொட்டுக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவளுடைய முதல் சர்வதேசப் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

பிறகு அந்தப் பெட்டியோடு ஏறி இறங்காத படி இல்லை. சலூன்கள், பிரசவ ஆஸ்பத்திரிகள், விடுதிகள், வயதானவர்கள் இருக்கிற வீடுகள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "ஹீட்டரக் கட்டிக்கிட்டேன், அது என்னைவிடச் சீக்கிரம் சூடாகுது" என்று சொல்லி வாயை அடைத்தாள். முதல் வருடம் விற்றது முப்பத்தெட்டு. இரண்டாம் வருடம் அந்த முப்பத்தெட்டு வீடுகளிலிருந்தும் ஆள் மேல் ஆள் வந்தது. ஹீட்டர் அடியில் துருத் தண்ணீர் சொட்டுகிறது என்றார்கள்.

அப்போது அவளிடம் இருந்தவன் ஒரே ஒரு மெக்கானிக். ஸ்பேனர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், தூங்கும்போதும் அது பாக்கெட்டில் இருக்கும் என்று கேலி. அவன் ஒழுகிய ஹீட்டர்களை வரிசையாகப் பிரித்துப் போட்டான். ஹீட்டர் தொட்டிக்குள் ஒரு ராடு உண்டு. தண்ணீரில் இருக்கிற உப்பு தொட்டியின் இரும்பைத் தின்ன வரும்போது, அதற்குப் பதிலாகத் தன்னைத் தின்னக் கொடுப்பதுதான் அந்த ராடின் ஒரே உத்தியோகம். கம்பெனி வைத்த ராடு சுண்டுவிரல் மொத்தம். அவர்கள் ஊர்த் தண்ணீர் இனிப்பு, அங்கே பத்து வருடம் தாங்கும். இங்கே ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். எட்டே மாதத்தில் ராடு கரையான் அரித்த குச்சி மாதிரி ஆகியிருந்தது. அதற்குப் பிறகு உப்பு தொட்டியைத் தின்ன ஆரம்பித்திருந்தது.

ஹீட்டரக்கா கம்பெனிக்கு எழுதினாள், மொழிபெயர்த்துக் கொடுக்கும் கடையில் காசு கொடுத்து. பதில் வந்தது: எங்கள் வடிவமைப்பு எல்லா நாட்டுக்கும் பொருந்தும். பெட்டியைப் பிரித்தால் உத்தரவாதம் ரத்து, ஏஜென்சியும் ரத்து. அந்தக் கடிதத்தை அவள் இரண்டு தரம் படித்துக் காட்டச் சொன்னாள். பிறகு நேராக ஒரு லேத் பட்டறைக்குப் போனாள். ராடு மெக்னீசியம் என்றதும் லேத் ஓட்டும் டர்னர் பின்வாங்கினார். சீவல் தீப்பிடிக்கும், பட்டறையே எரிந்துபோகும் என்றார். பக்கத்தில் மணல் வாளி வைத்து, வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொல்லி, தானே பக்கத்தில் நின்று கடைந்து வாங்கினாள். கட்டைவிரல் மொத்தத்தில் ராடு. முப்பத்தெட்டு வீட்டுக்கும் புதுத் தொட்டி வைத்து, புது ராடு போட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து இந்த ஊருக்கு வந்த ஒவ்வொரு பெட்டியும் முதலில் அவள் குடோனுக்குள் போகும். ஸ்பேனரும் பிறகு அவனோடு சேர்ந்த மூன்று பேரும் அடிமூடியைக் கழற்றி, ராடை மாற்றி, திரும்ப மூடி, கம்பெனி டேப் மாதிரியே ஒரு டேப்பால் ஒட்டிவிடுவார்கள். ஒரு ஹீட்டருக்கு இருபது நிமிடம். மாதா மாதம் கம்பெனிக்கு அனுப்பும் அறிக்கையில் "புகார்கள்" என்ற கட்டத்தில் அவள் "இல்லை" என்று அடித்து அனுப்புவாள். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அவளுக்கு அர்த்தம் தெரியும்.

அந்த "இல்லை" கம்பெனியில் என்ன ஆட்டம் ஆடியது என்பது அவளுக்கு வெகு நாள் தெரியாது. உலகத்திலேயே மோசமான தண்ணீர் உள்ள ஊர், அங்கே பூஜ்யம் புகார்! பல நாடுகளைப் பார்த்துக்கொள்ளும் மண்டல மேலாளர் ஒருவர் இதைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். எங்கே போனாலும் ஒரு உலக மேப்பைச் சுவரில் விரித்து, இவள் வட்டாரத்தைப் பச்சையடித்துக் காட்டுவார். ஊருக்கு ஊர் ஹீட்டரை மாற்ற வேண்டியதில்லை, ஒரே தொழிற்சாலை, ஒரே அச்சு, நாற்பது நாடுகளுக்கு ஒரே ஹீட்டர். இந்த வாசகத்தைக் காலண்டரிலும் கப்பிலும் அச்சடித்தார்கள். குடோனில் அவருக்கு மேப்காரர் என்று பெயர். ஸ்பேனர் அந்தக் கப்பில்தான் கழற்றின நட்டுகளைப் போட்டுவைப்பான்.

தம்பியைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். அவனை அவள் படிக்கவைத்தாள், கம்பெனிக்காரர்களின் பாஷை உட்பட. தன் வாய்க்கு வராததெல்லாம் அவன் வாய்க்கு வரட்டும் என்று ஒரு ஆசை. அவனும் கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். படிப்பு முடித்து அவளிடமே விற்பனை மேலாளராக ஒன்பது வருடம் இருந்தான். கடைக்காரர்களைப் பார்ப்பது, கம்பெனியோடு பேசுவது எல்லாம் அவன். குடோன் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க மாட்டான். "அந்தத் துருப் பட்டறைக்குள்ள என்ன வேலைக்கா எனக்கு? சட்டை கெட்டுப்போயிடும்" என்பான். அவளும் தம்பியின் சட்டை வெள்ளையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் செய்த முட்டாள்தனங்களில் தலையாயது அது.

இந்த மாதிரிக் கம்பெனிகளுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. புது நாட்டுக்குள் நுழையும்போது சந்து பொந்து தெரியாது, அதனால் உள்ளூர் ஆள் ஒருவரைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் தோளில் ஏறி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட பிறகு இறங்கி, அவரை ஓரமாகத் தள்ளிவிட்டு நடப்பார்கள். எங்கேயும் இதேதான் செய்கிறார்கள், இதற்கு வழவழப்பான தாளில் பெயரெல்லாம் உண்டு. ஹீட்டரக்காவிடம் முதலில் ஒரு சாஃப்ட்வேர் கொடுத்தார்கள். எந்தக் கடைக்கு எவ்வளவு போகிறது, எந்த வீட்டில் எந்த ஹீட்டர், எல்லாவற்றையும் அதில் ஏற்றினால் உதவியாக இருக்கும் என்றார்கள். தம்பி உட்கார்ந்து மூன்று மாதம் ஏற்றினான். அப்போதே அவனோடு தனியாகப் பேசி முடித்திருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

வருடாந்திரக் கூட்டம் ஒரு ஓட்டல் ஹாலில். இருநூறு கடைக்காரர்கள். எப்போதும் முதல் வரிசையில் உட்காருகிறவளுக்கு அந்த வருடம் மூன்றாம் வரிசையில் நாற்காலி. மேப்காரர் மேடையேறி ஏதோ பேசினார். பேச்சை மொழிபெயர்த்தவன் தம்பி.

"இனிமே கம்பெனி இங்க நேரடியா வருது. நடுவுல யாரும் இல்ல," என்று மைக்கில் சொன்னான். அடுத்த வரியை மொழிபெயர்க்கும்போது அவள் பக்கம் பார்க்கவில்லை. "கம்பெனியோட இந்த நாட்டுத் தலைவரா... என்னை நியமிச்சிருக்காங்க."

கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலிக்காரர், "தம்பிய நல்லா ஆளாக்கிட்டீங்க அக்கா" என்று நிஜமான சந்தோஷத்தோடு சொன்னார். அவளும் கைதட்டினாள். கை எரிகிற அளவுக்குத் தட்டினாள். வாசலில் அவளுக்கு ஒரு கவர் கொடுத்தார்கள், ஏஜென்சியை முடித்துக்கொள்ள தொண்ணூறு நாள் நோட்டீஸ். தம்பி பின்னாலேயே ஓடி வந்து, "அக்கா, இது பிசினஸ். மனசுல வச்சுக்காத" என்றான்.

"வச்சுக்காம?" என்றாள். "வேற எங்கடா வைப்பேன்?"

ஒரு வாரம் அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. எட்டாம் நாள் ஸ்பேனர் குடோன் சாவியோடு வந்து நின்றான். அந்தத் தொண்ணூறு நாள்கூடக் காத்திராமல் கம்பெனி தன் சொந்தக் கிடங்கிலிருந்து பெட்டிகளை நேராகக் கடைகளுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது, பிரிக்காத பெட்டிகளை, அந்தச் சுண்டுவிரல் ராடோடு.

"அக்கா, ராடு விஷயம் தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப கம்பெனிக்கு?"

"பெட்டியப் பிரிக்காதன்னு அவங்கதான சொன்னாங்க. நாம ஏன் சொல்லணும்?" வாரம் முழுக்க இறுகிப் போயிருந்த முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. சுவர்க் காலண்டரில் எட்டுத் தாள்களைப் புரட்டி, ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள்.

அந்த எட்டு மாதத்தையும் அவள் ருசித்துக் காத்திருந்தாள். குடோனைப் பம்ப் ரிப்பேர் கடையாக மாற்றி நான்கு பேருக்கும் வேலை கொடுத்தாள். தெருவில் புது ஹீட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தால் நின்று பார்ப்பாள். "போ ராசா, போ. போய் நல்லாத் தண்ணி குடி" என்பாள். தம்பி படம் பேப்பரில் வந்தது, டை கட்டிக்கொண்டு. அதைக் கத்தரித்து ரிப்பேர் மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்தாள். அதன் மேல்தான் டீ டம்ளரை வைப்பாள். தம்பி ஒரு தடவை பலகாரப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறக்கவில்லை. அவன் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனான். அது எறும்பு மொய்த்துக் காய்கிறவரை அங்கேயே கிடந்தது, அவள் அதைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தாள். சாபம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது எத்தனை சுகம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

தேதி தவறவில்லை. ஒன்பதாம் மாதம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆறு ஹீட்டர் ஒரே வாரத்தில் ஒழுகின. பிறகு சலூன்கள், விடுதிகள், வீடுகள். புகார் சொல்ல ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். அதை எடுப்பவர்கள் கடல் தாண்டி மூன்றாவது ஒரு நாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். "உங்கள் ஹீட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்" என்று தேன் ஒழுகச் சொன்னார்கள். இங்கே ஒழுகியது தேன் இல்லை. கம்பெனி ஒழுகினதை எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்றை மாட்டியது, அதிலும் அதே ராடு.

மேப்காரருக்கு உண்மையைத் தேட மனமில்லை. தேடினால் அவர் கட்டின கோட்டையே சரியும். பத்தொன்பது வருடம் இதே தண்ணீரில் ஒரு புகாரும் இல்லாமல் ஓடின ஹீட்டர், இப்போது எப்படித் தண்ணீரால் கெடும்? ஆகவே ஜனங்களுக்கு உபயோகிக்கத் தெரியவில்லை. அவர் கணக்கு அதோடு முடிந்தது. இருந்தாலும் சந்தேகத்துக்கு ஒரு தடவை தம்பியை விட்டு ஹீட்டரக்காவுக்குப் போன் போடவைத்தார்.

"அக்கா, நீ வேற ஏதாவது பண்ணுவியா ஹீட்டருக்கு?"

"நானா? நான் படிக்காதவ. எனக்கு என்னடா தெரியும்?" என்று போனை வைத்தாள். அன்று டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை அதிகம் போட்டுக் குடித்தாள்.

இவ்வளவும் அவள் போட்ட கணக்குப்படி நடந்தது. ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. ஒழுகின வீட்டுக்காரர்கள் கம்பெனியைத் திட்டவில்லை. கம்பெனி யார் என்று அவர்களுக்கு என்ன தெரியும்? அவர்கள் வாங்கியது அக்கா ஹீட்டர். ஒருத்தராக ஒருத்தராக ரிப்பேர் கடை வாசலுக்கு வந்தார்கள். வயதான மாமியாரைக் குளிப்பாட்டும்போது ஹீட்டரின் அடி பிய்த்துக்கொண்டு கொட்டியதாக ஒரு தையல்காரம்மா சொன்னாள். "ஆறின தண்ணியா இருந்ததால தப்பிச்சாங்க. உங்களை நம்பித்தானே வாங்கினேன் அக்கா?" என்று கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் ஹீட்டரக்காவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

அன்று ஸ்பேனர், "சொல்லிடலாம்கா. நம்ம பேருதான் நாறுது" என்றான்.

"முடியாது."

"யாராவது செத்துக்கித்துப் போனா?"

மறுநாள் தையல்காரம்மா வீட்டுக்கு ஸ்பேனரை அனுப்பி, வேறு தொட்டி வைத்து, கட்டைவிரல் ராடு போட்டுக் கொடுக்கச் சொன்னாள். வாசலுக்கு வந்து கேட்ட எல்லோருக்கும் அதையே செய்தாள். ஆனால் கம்பெனிக்கு மட்டும் சொல்லவில்லை. வாசலுக்கு வராதவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், அது அவளுக்கும் தெரியும். உள்ளே உறுத்தியது. உறுத்தலைவிடக் கோபம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கோபத்தைத் திசைதிருப்பியது ஒரு கடிதம். பதின்மூன்றாம் மாதம், ஹீட்டர் வைத்திருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பெனி அச்சடித்து அனுப்பியிருந்தது. தையல்காரம்மாதான் கொண்டுவந்து காட்டினாள். முந்தைய விநியோகஸ்தர் பத்தொன்பது வருடமாக வந்த புகார்களைக் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் மறைத்துவிட்டார், அதனால்தான் இன்றைய நிலைமை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. அடியில் தம்பியின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தின் முதல் எழுத்தை எழுத அவனுக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்.

"நீங்க மறைச்சீங்களா அக்கா?" என்று தையல்காரம்மா கேட்டாள்.

ஊரில் அவள் சம்பாதித்தது அந்த ஒரு பெயர்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் கம்பெனி முழுகும், நிச்சயம். ஆனால் முழுகிற கம்பெனி அவளைத் திருடி என்று எழுதிவைத்துவிட்டுத்தான் முழுகும். வாயைத் திறந்தால் கம்பெனி ராடை மாற்றிப் பிழைத்துக்கொள்ளும். ஆனால் தம்பி பிழைக்க மாட்டான். அவள் அரை நாள் யோசித்தாள். பிழைத்துத் தொலையட்டும் கம்பெனி, எனக்கு என் பேரும் வேண்டும், அவன் வேலையும் போக வேண்டும் என்று முடிவு செய்தாள்.

கம்பெனித் தலைமையகத்திலிருந்து ஒரு பெரிய இன்ஜினியரம்மா விசாரிக்க வருவதாகப் பேச்சு அடிபட்டது. ஹீட்டரக்கா சொல்லியனுப்பினாள்: அந்தம்மா இருந்தால்தான் வாயைத் திறப்பேன், மொழிபெயர்க்க என் தம்பிதான் வேண்டும். கேட்டவர்கள் பாசம் என்று நினைத்தார்கள். ஸ்பேனரின் மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள் விமான டிக்கெட் போடும் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறவள், கம்பெனிக்காரர்களின் பாஷை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தம்பி அவளைப் பார்த்ததே இல்லை.

"நீ என் கூட வந்து சும்மா உக்காரு. பாஷை தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காத. அவன் நிச்சயம் மாத்திச் சொல்லுவான். ஒரு வார்த்தை மாத்தினாலும் மேசையத் தட்டு. அப்புறம் நீயே எழுந்து அந்தம்மாகிட்ட நேராச் சொல்லு, இவன் பொய் சொல்றான்னு," என்றாள் ஹீட்டரக்கா.

"தம்பியாச்சேக்கா."

"அதனாலதான்."

கம்பெனியின் புது அலுவலகத்தில் கண்ணாடி மேசை. சுவரில் ஆள் உயரத்துக்கு அந்த வாசகம். இன்ஜினியரம்மா குள்ளமாக, நரைத்த கிராப்புத் தலையோடு, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். விரல்களில் பழைய தீக்காயத் தழும்புகள். இவள் வேலை தெரிந்தவள் என்று பார்த்ததுமே ஹீட்டரக்காவுக்குப் பிடித்துப்போனது. மேப்காரர் ஒரு பக்கம். தம்பி நடுவில், டை கழுத்தில் தொளதொளக்கும் அளவுக்கு இளைத்துப்போயிருந்தான். ஸ்பேனரின் மனைவி ஓரத்தில் உட்கார்ந்து வலது கையை மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

ஹீட்டரக்கா பையிலிருந்து இரண்டு ராடுகளை எடுத்து மேசைமேல் போட்டாள். எட்டு மாதம் தண்ணீரில் கிடந்து அரித்துப்போன சுண்டுவிரல் ராடு. ஐந்து வருடம் கிடந்தும் பாதிக்கு மேல் மிச்சமிருந்த கட்டைவிரல் ராடு. இன்ஜினியரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் கையில் எடுத்தாள்.

"சின்னது உங்களோடது. பெருசு என்னோடது," என்றாள் ஹீட்டரக்கா. "முதல் வருஷம் போக, இங்க வந்த ஒவ்வொரு பெட்டியையும் பிரிச்சு ராடை மாத்தினேன். ஒப்பந்தப்படி தப்பு. முதல்லயே உங்களுக்கு எழுதிக் கேட்டேன், முடியாதுன்னு பதில் வந்துச்சு. சொல்லுடா."

தம்பி அவளைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் அந்த நிமிடத்தில்தான் புரிந்தது. பிறகு இன்ஜினியரம்மா பக்கம் திரும்பிப் பேசினான். ஹீட்டரக்கா ஓரத்துக் கையைப் பார்த்தாள். கை அசையவில்லை.

"செவுத்துல எழுதி வச்சிருக்கீங்களே, நாற்பது நாட்டுக்கு ஒரே ஹீட்டர்னு. இந்த ஊர்ல உங்க ஹீட்டர் ஒரு நாளும் ஓடல. ஓடினது என் ஹீட்டர். அதையும் சொல்லு."

அவன் சொன்னான். மேப்காரர் நாற்காலியில் நிமிர்ந்து குறுக்கே ஏதோ பேச வாயெடுத்தார். இன்ஜினியரம்மா அவர் பக்கம் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினாள், அவர் அடங்கிவிட்டார். கை அசையவில்லை.

சரி, இதுவரை அவனுக்குச் சேதம் இல்லை, அதனால்தான் ஒழுங்காகச் சொல்கிறான் என்று ஹீட்டரக்கா நினைத்துக்கொண்டாள். இப்போது வைக்கிறேன் உனக்கு.

"என் தம்பி ஒன்பது வருஷம் என்கிட்ட வேலை பார்த்தான். குடோனுக்குள்ள ஒரு தடவகூடக் கால் வைக்கல. அக்காவோட தொழில்ல எல்லாம் எனக்குத் தெரியும்னு உங்ககிட்ட சொல்லித்தான் இந்த நாற்காலியை வாங்கினான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

அதையும் அவன் சொன்னான். சொல்லும்போது தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். கை அசையவில்லை.

"நான் புகாரை மறைச்சேன்னு ஊர் பூரா லெட்டர் போட்டவனும் அவன்தான். அது பொய்னு அவனுக்குத் தெரியும். ஒன்பது வருஷம் என் கூட இருந்தவன், எனக்குப் புகார் வரவே இல்லன்னு அவனுக்குத் தெரியாதா? தன் தோலைக் காப்பாத்திக்க என்னைத் திருடியாக்கினான்." அவள் குரல் உயர்ந்துவிட்டது. "சொல்லு. ஒண்ணுவிடாமச் சொல்லு."

இந்தத் தடவை அவன் டையைத் தளர்த்திக்கொண்டு பேச ஆரம்பித்தான். ஹீட்டரக்காவின் கண் அந்தக் கையைவிட்டு நகரவில்லை. தட்டு, தட்டு என்று மனசுக்குள் அடித்துக்கொண்டாள். அவன் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, நீளமாகச் சொல்லி முடித்தான். இன்ஜினியரம்மா அவனிடம் சின்னதாக ஏதோ கேட்டாள். அவன் ஒரே வார்த்தையில் பதில் சொன்னான். கை மேசைமேல் அப்படியே கிடந்தது.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. இன்ஜினியரம்மா பெரிய ராடை அளந்து, படம் வரைந்துகொண்டாள். இந்த மாதிரித் தண்ணீர் உள்ள நாடுகளுக்கு இனி வேறு ராடு என்றாள், இங்கே ஏற்கெனவே மாட்டியிருக்கிற ஒவ்வொன்றுக்கும் மாற்றித் தருவதாகச் சொன்னாள். ஏஜென்சியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டாள். ஹீட்டரக்கா வேண்டாம் என்றாள். "அதே வீட்டுக்கெல்லாம் இன்னொரு லெட்டர் போகணும். நான் எதையும் மறைக்கல, வராமப் பார்த்துக்கிட்டேன்னு அதுல இருக்கணும். வேற எதுவும் வேணாம்." இன்ஜினியரம்மா எழுந்து வந்து கை குலுக்கினாள். தம்பி தன் சட்டையிலிருந்த கம்பெனி அட்டையைத் தானே கழற்றி மேசைமேல் வைத்தான். யாரும் கேட்கும்வரை காத்திருக்கவில்லை.

வெளியே படியில் ஸ்பேனரின் மனைவியை, "என்ன கேட்டா அந்தம்மா?" என்று ஹீட்டரக்கா பிடித்துக்கொண்டாள்.

"இதெல்லாம் உண்மையான்னு கேட்டாங்க. உண்மைன்னு சொன்னார்."

"லெட்டர் விஷயம்?"

"நீங்க சொன்னது சொன்னபடி சொன்னாருக்கா. திருடியாக்கினேன்ங்கறதுக்குக்கூட அதே வார்த்தையத்தான் போட்டார்."

தம்பி பின்னால் இறங்கி வந்தான். அவள் பக்கத்தில் இரண்டு படி தள்ளி நின்றான். அவனைப் பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அவள் ஒரு வருடத்துக்கு மேலாகச் சேர்த்துவைத்திருந்தாள். எல்லாம் பொய் சொல்கிற ஒருவனுக்காகச் சேர்த்தவை.

"அந்தம்மாவுக்கு நம்ம பாஷை தெரியாது. உனக்கு அவங்க பாஷை தெரியாது," என்றான் அவன். "நான் என்ன வேணா சொல்லியிருக்கலாம்கா. ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஏன் சொல்லல?"

"தெரியல. நீ பேசப் பேச எல்லாம் சரியாத்தான இருந்துச்சு."

அவன் இன்னும் ஏதாவது அவள் சொல்வாள் என்று நின்றான். திட்டுவாள் என்றுகூட எதிர்பார்த்திருப்பான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் தெருவில் இறங்கி, டையை அவிழ்த்துக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு நடந்தான். ஸ்பேனரின் மனைவி, "போலாமாக்கா? ஜெயிச்சாச்சே!" என்று அவள் கையைப் பிடித்தாள். ஹீட்டரக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு தடவையாவது அது மேசையைத் தட்டியிருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆற்றாமையாக வந்தது.